போர்த் தண்ணீரில் எண்ணெய் மினுக்கம்: டார்ச்சா, ஹெக்சேனா, காடாத் துணியா, ஆய்வகமா?

கொங்கு நாட்டின் அடியில் இருப்பது கடினப்பாறை. நைஸ், சார்னகைட், ஆங்காங்கே கிரானைட். கச்சா எண்ணெய் உருவாகவோ தேங்கவோ இந்தப் பாறைகளில் வழியில்லை. தமிழ்நாட்டில் எண்ணெய் கிடைப்பது காவிரிப் படுகையின் படிவுப்பாறையில், நரிமணம் பக்கம். ஆகவே அவிநாசியிலோ காங்கேயத்திலோ ஒரு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அது அடியிலிருந்து ஊறியதல்ல, மேலிருந்து இறங்கியது. அது எதன் எண்ணெய், யார் வீட்டு எண்ணெய் என்பதுதான் கேள்வி.

பதிலைப் பொறுத்துச் செலவு மாறும். மோட்டார் கசிவு என்றால் மோட்டாரைத் தூக்கினால் போதும். கம்ப்ரசர் எண்ணெய் என்றால் காற்றுக் குழாயில் ஒரு எண்ணெய் பிரிப்பான். பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு, ஆய்வக அறிக்கை, குடிக்க வேறு தண்ணீர். சில சமயம் அது எண்ணெயாகவே இருக்காது. சலவைப்பட்டறைக் (துணி வெளுக்கும் பட்டறை) கழிவாக, செப்டிக் டேங்க் கசிவாக, வெறும் இரும்புப் பாக்டீரியாவாக இருக்கும். சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன், அதன் பதில் கிடைத்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தச் சோதனைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

எண்ணெய் வயல்களில் இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் கருவி புற ஊதா விளக்கு. துளையிடும்போது மேலே வரும் கல்துகளைக் கழுவி, இருட்டுப் பெட்டிக்குள் 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் ஒட்டிய துகள் ஒளிரும். நம் பள்ளிப் பாடப்புத்தகம் உடனொளிர்தல் என்று சொல்வது இதைத்தான். எண்ணெயிலுள்ள பாரஃபின் சங்கிலிகள் ஒளிர்வதில்லை. பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய அரோமேட்டிக் மூலக்கூறுகள்தான் புற ஊதாவை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக விடுகின்றன. வளையம் கூடக்கூட ஒளி நீலத்திலிருந்து மஞ்சள், ஆரஞ்சு பக்கம் நகரும். அதனால்தான் நிறத்தை வைத்து எண்ணெயின் தரத்தை மதிப்பிட முடிகிறது. ஏ.பி.ஐ. அளவு என்பது எண்ணெய் எவ்வளவு இலேசானது என்று காட்டும் எண். அது 15க்குக் கீழுள்ள கனத்த எண்ணெய் பழுப்பு, 15 முதல் 25 வரை ஆரஞ்சு, 25 முதல் 35 வரை மஞ்சளும் க்ரீமும், 35 முதல் 45 வரை வெள்ளை, அதற்கும் மேலே இலேசான எண்ணெய் நீலம் கலந்த வெள்ளையும் ஊதாவும். வறண்ட எரிவாயு ஒளிராது.

இதில் நமக்கு வேண்டிய பாடம், வெளிச்சம் என்பது அளவு அல்ல என்பது. கனத்த எண்ணெயில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும். அதனால் மங்கலாக ஒளிரும் துளியில் எண்ணெய் அதிகமாகவும், பளிச்சென்ற துளியில் குறைவாகவும் இருக்கலாம்.

அங்கேயும் விளக்கின் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. கால்சைட், டோலமைட் போன்ற கனிமங்களும் தாமாகவே ஒளிரும். குழாய் மரைக்குத் தடவும் கிரீஸ் கச்சா எண்ணெயைவிடப் பளிச்சென்று ஒளிரும். அதனால் துகள்மேல் இரண்டு சொட்டுக் கரைப்பான் விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் என்றால் கரைந்து ஒளி ஓடையாகப் படரும். கனிமம் அசையாமல் அப்படியே இருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கட் சோதனை. நம் போர்த் தண்ணீருக்கும் இந்த இரண்டாம் படிதான் கைகொடுக்கிறது. டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சாட்டக் கூடாது.

காசில்லாத முதல் சோதனை

தொட்டியில் மிதக்கும் வானவில் படலத்தை ஒரு குச்சியால் கீறுங்கள். கண்ணாடி உடைந்ததுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் படலம். சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். பாக்டீரியா என்றால் தொட்டியின் அடியில் செம்மஞ்சள் கசடும் இருக்கும், டீசல் வாசம் இருக்காது. இங்கேயே விடை கிடைத்துவிட்டால் மற்ற எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

புதிதாகப் போட்ட போர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போர் வண்டியின் அடிசுத்தியலுக்குக் காற்றோடு சேர்த்து எண்ணெயும் செலுத்துவார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் சுத்தியலின் பிஸ்டன் தேய்ந்துவிடும். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் வண்டிகளில் எதுவும் இதற்கு விலக்கல்ல. அந்த எண்ணெய் போரின் சுவரில் ஒட்டி முதல் சில நாட்களுக்குத் தண்ணீரில் வரும். நன்றாக ஓட்டி வெளியேற்றிவிட்டு, அதன் பிறகும் வந்தால் சோதனையைத் தொடங்கலாம்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். எண்ணெய் மிதக்கும். 900 அடிப் போரில் தண்ணீர் மட்டம் 250 அடியில் நிற்க, மோட்டார் 750 அடியில் இருந்தால், மோட்டார் உறிஞ்சுவது மேலே மிதக்கும் எண்ணெய்க்கு 500 அடி கீழே உள்ள தண்ணீரை. குழாயில் வரும் தண்ணீர் சுத்தமாகத் தெரிவதும், நெடுநேரம் ஓட்டி மட்டம் இறங்கிய பிறகு திடீரென்று வாசம் வருவதும் இதனால்தான்.

ஆகவே இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று, இரவு முழுக்க மோட்டார் ஓடாமல் இருந்து, காலையில் போரின் தண்ணீர் மேற்பரப்பிலிருந்து எடுத்தது. இதற்கு அடியில் வால்வு வைத்த மெல்லிய குழாய்க் குவளையைக் கயிற்றில் இறக்குவார்கள். ஆறரை அங்குலப் போரில் மோட்டார் குழாயும் கேபிளும் இருக்கும்போது இறக்கினால் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம். மோட்டார் பழுதுக்காகத் தூக்கும் நாளைப் பயன்படுத்திக்கொள்வது உத்தமம். இன்னொன்று, குழாயில் வரும் தண்ணீர். ஆறரை அங்குலப் போரில் அடிக்குச் சுமார் 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். 300 அடி நின்றால் ஏறக்குறைய 2,000 லிட்டர். அவ்வளவும் வெளியேறிய பிறகு வருவதுதான் பாறை ஊற்றின் தண்ணீர். அதற்கு முன் வருவது போருக்குள்ளேயே தேங்கி நின்றது. முதலில் வந்ததில் எண்ணெய் இருந்து, பின்னால் வந்ததில் இல்லையென்றால் சந்தேகம் மோட்டார் மேல் போக வேண்டும். பின்னால்தான் கூடுகிறது என்றால், ஊற்றோடு வருகிறதா, மட்டம் இறங்கி மிதப்பது மோட்டாரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மேற்பரப்பு மாதிரி சுத்தமாக இருந்தால் ஊற்றுதான்.

மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கே புற ஊதாவில் இலேசாக நீலம் காட்டும். எண்ணெயும் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் குறைந்துவிடும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பாட்டிலும் ஆகாது, ஏனென்றால் சோப்புத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் வெண்மையூட்டி இருக்கிறது, புற ஊதாவில் அதுவும் நீலமாக ஒளிரும். வெந்நீரில் கழுவி, கடைசியில் சிறிது ஹெக்சேன் என்னும் கரைப்பானால் அலசி உலர்த்துங்கள்.

டார்ச் மட்டும்

ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ரூபாய் நோட்டுப் பார்க்க விற்கும் மலிவு டார்ச்சுகள் பல 395. அதன் ஊதா வெளிச்சமே கண்ணில் நிறைந்து, மெல்லிய நீல ஒளிர்வை மறைத்துவிடும். 365-லும் முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி இருப்பதே நல்லது. வெளிச்சத்தைக் கண்ணில் படவிடாமல், பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்து, சன்னலடைத்த அறையில் ஐந்து நிமிடம் கண் பழகிய பிறகு பாருங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, மேலிருந்து பார்க்க வேண்டும். பின்னால் கறுப்புத் துணி. வெளுத்த வேட்டியோ சட்டையோ போட்டுக்கொண்டு பார்த்தால் அதன் நீல ஒளி கண்ணாடியில் பிரதிபலித்து ஏமாற்றும்.

டார்ச்சால் தெரிவது, தண்ணீரில் ஏதோ ஒளிர்கிறது என்பது மட்டும். டீசல் நீலமாக ஒளிரும். சலவைப்பட்டறையின் வெண்மையூட்டியும் நீலம். வீட்டுச் சலவைத் தண்ணீரும் நீலம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை நார்த் துகள் ஊறிய தண்ணீரில் இருக்கும் டேனினும் மட்கும் பொருளும் மங்கிய நீலமே. பாசி இருந்தால் சிவப்பு. இத்தனை நீலத்தையும் கண்ணால் பிரிப்பது நடக்காத காரியம்.

டார்ச் காட்டாமல் விடுவதையும் சொல்ல வேண்டும். பெட்ரோலில் தண்ணீரில் நன்றாகக் கரையும் பகுதி பென்சீனும் அதன் உறவுக்காரர்களும். அவை ஒற்றை வளையம். 365-ஐ விழுங்கவே மாட்டா, அவற்றின் ஒளியும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில்தான் விழும். பங்க் கசிவில் டார்ச் இருட்டாக நிற்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஆபத்து. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அதேபோல எண்ணெய் நிரப்பிய நாலங்குல சப்மெர்சிபிள் மோட்டார்களில் போடும் வெள்ளை எண்ணெய், அரோமேட்டிக்கை நீக்கிச் சுத்திகரித்தது. அது ஒளிராது, அல்லது ஒளிர்வது தெரியாது. ஆறங்குல மோட்டார்கள் பெரும்பாலும் தண்ணீர் நிரப்பியவை, கசிய எண்ணெயே இல்லை. ஆகவே உங்கள் மோட்டார் எது என்று கடைக்காரரிடம் கேட்பது டார்ச் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டியது.

ஹெக்சேன் சோதனை

எண்ணெய் வயலின் கட் சோதனையைத் தண்ணீருக்கு மாற்றினால் இது. செலவைப் பார்த்தால் அதிகம் சொல்லித் தருவது இந்த முறைதான் என்பது எங்கள் முடிவு. கோயம்புத்தூர், ஈரோடு ஆய்வக இரசாயனக் கடைகளில் அரை லிட்டர் ஆய்வகத் தர ஹெக்சேன் கிடைக்கும். பெட்ரோலோ பெயின்ட் தின்னரோ இதற்கு மாற்றல்ல, அவற்றிலேயே அரோமேட்டிக் இருக்கிறது. அசிட்டோன் தண்ணீரோடு கலந்துவிடும், தனி அடுக்காகப் பிரியாது.

ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் 500 மில்லி தண்ணீர், 20 மில்லி ஹெக்சேன். மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை மூடியைத் தளர்த்தி ஆவியை விடுங்கள். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் ஹெக்சேன் மேலே மிதக்கும். தண்ணீரிலிருந்த எண்ணெய் ஏறக்குறைய எல்லாம் அந்த 20 மில்லிக்குள் வந்துவிடும், அதாவது 25 மடங்கு செறிவு. சோப்பு கலந்த கழிவு என்றால் நடுவில் நுரைபோல ஒரு அடுக்கு நின்று பிரிய மறுக்கும். ஒரு கரண்டி கல்லுப்பு போட்டுக் குலுக்கினால் பெரும்பாலும் பிரியும்.

இப்போது டார்ச்சை அடியுங்கள், முதலில் பாட்டிலுக்கே. இந்தச் சோதனையின் உயிர் இந்த நொடியில்தான் இருக்கிறது. மேல் அடுக்கு ஒளிர்ந்தால் எண்ணெய். கீழே தண்ணீர் மட்டும் ஒளிர்ந்து ஹெக்சேன் இருட்டாக இருந்தால் அது எண்ணெயல்ல. பருத்திக்குப் போடும் வெண்மையூட்டிகள் சல்போனேட் செய்த ஸ்டில்பீன் வகை. உப்பைப் போலத் தண்ணீரில் கரைபவை, ஹெக்சேனுக்குள் ஏறாதவை. நார்த்துகள் தண்ணீரின் மட்கும் பொருளும் கீழேயே தங்கும். டார்ச்சால் பிரிக்க முடியாத நீலங்களை ஒரு பாட்டில் இரண்டு அடுக்காகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஒரே ஒரு விலக்கு: பாலியெஸ்டருக்கான வெண்மையூட்டிகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, ஹெக்சேனுக்குள் கொஞ்சம் ஏறக்கூடும். பக்கத்தில் பாலியெஸ்டர் துணி சாயமேற்றும் ஆலை இருந்தால் இந்தச் சோதனையின் விடையை ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மேல் அடுக்கு ஒளிர்கிறது, சரி. யாருடைய எண்ணெய்? இங்கேதான் பலர் நிறப்பட்டியலைத் தேடுகிறார்கள். தேட வேண்டாம். சந்தேகப்படும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து வாருங்கள்: ஜெனரேட்டர் டீசல், கம்ப்ரசர் எண்ணெய், டிராக்டரின் பழைய எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய். ஒவ்வொன்றையும் ஹெக்சேனில் கரைத்து, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வரிசையாக ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் உங்கள் மாதிரி, ஓரத்தில் வெறும் ஹெக்சேன், இன்னொரு ஓரத்தில் குடிநீர்க் கேன் தண்ணீரை இதேபோல் குலுக்கி எடுத்த ஹெக்சேன். கடைசி இரண்டும் இருட்டாக இருந்தால்தான் மற்றவை செல்லும். ஹெக்சேன் உலர்ந்ததும் சொட்டின் விளிம்பில் ஒரு வளையம் தங்கும். அதன் நிறத்தையும் பாருங்கள். டீசல் நீலமாகப் படர்ந்து சன்னமான வளையத்தை விடும். ஓடித் தேய்ந்த எஞ்சின் எண்ணெய் பெரும்பாலும் மஞ்சள் கலந்த மங்கல், அடர்ந்த வளையம். அதில் இன்னும் நாலு சொட்டு ஹெக்சேன் விட்டால் மங்கல் குறைந்து நீலம் பக்கம் நகர்ந்து பளிச்சிடும். நெருக்கம் கலைந்ததும் ஒளி விடுபடுவதன் அடையாளம் அது. ஆகவே எல்லாச் சொட்டையும் ஒரே அளவு நீர்க்கச் செய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

தென்னைக்குக் கம்ப்ரசர் போட்டுக் காற்றால் தண்ணீர் ஏற்றும் தோட்டங்களில், இந்தச் சோதனையின் விடை நம் வீட்டுக் கம்ப்ரசரிலேயே முடிந்துவிடுவது உண்டு. பிஸ்டன் வளையம் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு நேராகப் போருக்குள் போகிறது. கம்ப்ரசருக்கு அடிக்கடி எண்ணெய் ஊற்ற வேண்டி வருகிறதா என்று பாருங்கள். குறையும் எண்ணெயில் ஒரு பங்கு போரில்தான் இருக்கும்.

தீ விஷயத்தில் மெத்தனம் கூடாது. ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும், நம் வெயிலில் வேகமாக ஆவியாகும், ஆவி தரையோடு தவழும். அடுப்பு, பீடி, மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. திறந்த வெளியில் குலுக்கி, சொட்டை மட்டும் இருட்டறைக்குக் கொண்டுபோங்கள். நைட்ரைல் கையுறை அணியுங்கள், சாதாரண ரப்பர் ஊறிப்போகும். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், திறந்த பாத்திரத்தில் வெளியே வைத்து ஆவியாக விடுங்கள்.

காடாத் துணி: எண்ணெய் இல்லை, சாயக் கழிவா என்ற கேள்விக்கு

கீழ் அடுக்கு ஒளிர்ந்தவர்களுக்கு இது. நொய்யல் கரையில் இந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின் கழிவுநீரை முழுக்க மறுசுழற்சி செய்யும் நிபந்தனையோடு அவை இயங்குகின்றன. அந்த நிபந்தனை உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்க, சோமனூர், பல்லடம் தறியிலிருந்து நேராக வந்த காடாத் துணியைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. வெளுக்காத துணி என்பதால் அதில் வெண்மையூட்டி இல்லை. பருத்தியோ வெண்மையூட்டியைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது. ஒரு வாரம் ஊறவிட்டால், தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத அளவும் துணியில் சேர்ந்து தெரியும்.

பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஆறு துண்டு வெட்டுங்கள். சைசிங் கஞ்சி போக, சிறிது சலவைச் சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். சோப்புத்தூள் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. சோதனையைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். கேன் தண்ணீரில் பலமுறை அலசி, வீட்டுத் துணி காயும் கொடியில் போடாமல் தனியாக நிழலில் உலர்த்துங்கள். ஊறும் முன்பே டார்ச்சில் பார்த்து, நீலம் காட்டும் துண்டை ஒதுக்கிவிடுங்கள். பருத்தியின் இயற்கையான மங்கல் மஞ்சள் இருக்கும், அது சரிதான். காடா கிடைக்காத இடத்தில் மருந்துக்கடைப் பஞ்சு பயன்படும். அதில் அடர்நீலமாக ஒளிரும் இழை இங்கொன்றும் அங்கொன்றுமாக மட்டுமே இருக்கலாம் என்பது மருந்துத் தர நூல்களின் விதி.

இரண்டு துண்டை எஃகு டீ வடிகட்டியில் கட்டி, போர்த் தண்ணீர் விழும் தொட்டியில் இருட்டான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள் வையுங்கள். இரண்டு துண்டு கேன் தண்ணீரில், இரண்டு உலர்ந்தபடியே காகித உறையில். எடுத்து அலசி, இருட்டில் உலர்த்தி, மூன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். வெண்மையூட்டி சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கிடமில்லாமல் நீலவெள்ளையாக ஒளிரும். வெயில் பட்டால் வெண்மையூட்டி சிதைந்துவிடும் என்பதால்தான் இருட்டு. இதே குணம் இன்னொரு விதத்தில் உதவும். ஒளிரும் தண்ணீரை இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒன்றை உச்சி வெயிலில் பத்து நிமிடம் வைத்து, மற்றதை இருட்டில் வைத்து ஒப்பிட்டால், வெண்மையூட்டியின் ஒளி வெகுவாகக் குறையும். நார்த்துகள் தண்ணீரின் ஒளி கொஞ்சமே குறையும்.

ஆனால் வெண்மையூட்டி சலவைப்பட்டறையிலும் உண்டு, வீட்டுச் சோப்புத்தூளிலும் உண்டு. ஒளிரும் துணி, பட்டறையா செப்டிக் டேங்கா என்று சொல்லாது. அதற்கு உப்பைப் பார்க்க வேண்டும். சாயத் தொட்டியில் கிலோக்கணக்கில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ போடுவார்கள். அங்கிருந்து வரும் தண்ணீரில் கரைந்த உப்பு ஏறும், சல்பேட்டோ குளோரைடோ தனித்து நிற்கும். செப்டிக் டேங்க் என்றால் நைட்ரேட் கூடும். இந்திய குடிநீர்த் தரத்தில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். யூரியா போடும் தோட்டத்தில் நைட்ரேட் எப்படியும் இருக்கும் என்பதால், நைட்ரேட்டை மட்டும் வைத்துச் செப்டிக் டேங்கைக் குறை சொல்ல முடியாது. இந்த உப்புச் சோதனைகள் எளியவை, மாவட்டக் குடிநீர் ஆய்வகங்களில் செய்து தருவார்கள்.

சாயம் கரைத்து வழியைக் காண்பது

இங்கே சொல்லும் முறைகளில், எந்தத் தொட்டியிலிருந்து எந்தப் போருக்கு வழி இருக்கிறது என்று நேராகக் காட்டுவது இது ஒன்றுதான். யுரேனின் என்னும் ஃப்ளோரசின் சோடியத்தைச் சந்தேகப்படும் தொட்டியில் கரைத்து, போரில் பச்சை ஒளி வருகிறதா என்று பார்ப்பார்கள். 10 கிராம் தூள் ஒரு லட்சம் லிட்டரில் கலந்தாலும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருக்கும். அந்த அளவு டார்ச்சில் தெளிவாகத் தெரியும்.

எண்ணெய்க் கசிவுக்கு இது பெரிதாக உதவாது, செப்டிக் டேங்க் சண்டைக்கு உதவும். தூளைத் தொட்டவர் மாதிரி எடுக்கக் கூடாது. விரலிடுக்கில் ஒட்டிய துகள் போதும், பொய்யான விடை வர. கரைக்கும் முன்பே போர்த் தண்ணீரை ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட்டிலும் இதே சாயம் இருக்கும். பாறை வெடிப்பில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது, சாயம் வர நாளும் ஆகலாம், வாரமும் ஆகலாம். வந்தால் உறுதி. வராவிட்டால் எதையும் நிரூபிக்காது. தொட்டி உரிமையாளரின் சம்மதமும், அக்கம்பக்கத்துப் போர்க்காரர்களுக்கு முன்னறிவிப்பும் வேண்டும். கடையில் கிடைக்கிறதே என்று ரோடமின்-பி வாங்கிக் கரைத்துவிடாதீர்கள். பஞ்சு மிட்டாயில் அது இருந்ததற்காகத்தான் 2024-இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது.

ஒளிர்வை அளக்கும் கையடக்க ஃப்ளோரோமீட்டர் பற்றியும் கேட்பார்கள். விலை லட்சத்தைத் தாண்டும், ஒரு போருக்காக வாங்க வேண்டாம். கண்காணிக்கப் பல போர்கள் உள்ள ஆலைக்கோ கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ பொருந்தும்.

எப்போது நேராக ஆய்வகத்துக்கு

பெட்ரோல் வாசம் வந்தால், பங்க் அருகில் இருந்தால், தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், விவகாரம் மனுவாகவோ வழக்காகவோ போகும் என்றால், டார்ச்சையும் ஹெக்சேனையும் தாண்டி முதல் நாளே ஆய்வகம். வாசம் வரும் தண்ணீரைச் சோதனை முடியும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சினாலும் பயனில்லை, அடுக்களைக்குள் ஆவியைத்தான் நிரப்பும்.

கேட்கத் தெரியாமல் கேட்டால் பணம் வீண். எண்ணெய்–கிரீஸ் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஹெக்சேனில் கரையும் எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு எண்ணைத் தருவார்கள். வெள்ளக்கோவிலிலோ காங்கேயத்திலோ அந்த எண்ணில் தேங்காய் எண்ணெய் ஆலைக் கழிவும் சேர்ந்திருக்கலாம். சிலிக்கா ஜெல்லில் வடிகட்டிக் கனிம எண்ணெயை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அதற்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். எதன் எண்ணெய் என்று தெரிய வேண்டுமானால் வாயுநிறப்பகுப்பு (எண்ணெயின் மூலக்கூறுகளைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி) கேட்க வேண்டும், எண்ணோடு வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் வரைபடத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். டீசல் நடுவில் ஒழுங்கான பல்வரிசையாக நிற்கும். எஞ்சின் எண்ணெய் கடைசியில் பிரியாத ஒரு மேடாக எழும். சந்தேகப்படும் எண்ணெயின் மாதிரியையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். டார்ச்சில் ஒளிராத வெள்ளை எண்ணெயும் இங்கே தப்பாது, ஏனென்றால் இது ஒளியை நம்பியதல்ல.

ஆய்வகத்தின் அங்கீகாரச் சான்றில் நீங்கள் கேட்கும் அந்தச் சோதனை பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்துக்குச் சான்று இருப்பது மட்டும் போதாது. எண்ணெய்க்கு ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்கியது. பாட்டிலை அவர்களிடமே அமிலம் விட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாட்டிலில் நேராகப் பிடிக்க வேண்டும், குடத்தில் பிடித்து ஊற்றினால் எண்ணெய் குடத்தில் தங்கிவிடும். பென்சீனுக்கு 40 மில்லிச் சிறு குப்பி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பியது. கவிழ்த்துத் தட்டினால் குமிழி ஏறக் கூடாது, ஏறினால் மறுபடி பிடியுங்கள். இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிடித்து, தேதி, நேரம், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்று பென்சிலில் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் பேனாவின் மையிலேயே கரைப்பான் இருக்கிறது.